என் எடைக்கு ஏற்ற வண்டி

ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகள், ஒன்றில் தொடங்கி, இன்று வீட்டு வாசல் போதாமல் தோட்டத்தில் நிறுத்துகிற அளவுக்கு. அவற்றைப் பழுது பார்க்க ஒரு பட்டறை. ராசிபுரம் போகிற சாலையில், பாறையை உடைத்து மட்டம் செய்து கட்டிய வீடு. அங்கே வீடு நிற்காது என்று சொன்ன பொறியாளரே புதுமனை விருந்துக்கு வந்து இரண்டாம் முறை பாயசம் வாங்கினார். ஒரு கோழிப்பண்ணை, சீக்கு வந்து மொத்தமும் போய், மறுபடி முதலிலிருந்து எழுப்பியது. பள்ளிக்கூடம் போகாமல் சாலையிலேயே பிடித்துக்கொண்ட இந்தி, கன்னடம், மராத்தி. இன்ஜினியருக்குப் படித்த ஒரு மகன். இத்தனையையும் செய்தது ஐம்பது கிலோவைத் தாண்டாத ஓர் உடம்பு.

அந்த உடம்பை வைத்து முதலில் யாரும் எனக்கு வேலை கொடுக்கவில்லை. ரிக்கில் ஆள் எடுக்கிறவர்கள் தோளைத் தட்டிப் பார்ப்பார்கள். என் தோளைத் தட்டினால் அவர்கள் கைதான் வலிக்கும், எலும்பு. ஆனால் ஆகாயத்தைப் பார்த்து நிற்கிற மாஸ்ட் இருக்கிறதே, ராடுகளைத் தூக்கி இறக்குகிற இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் ஏதாவது சிக்கிக்கொண்டால் கனத்த ஆட்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நான் ஏறிப் போய்ச் சரிசெய்துவிட்டு இறங்கி வருவேன். அதற்காகவே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். எடை இல்லாததுதான் என் மூலதனம்.

போன வருடம் தொழிலை மகன் கையில் கொடுத்தேன். தொழிலைத்தான் கொடுத்தேன், என் கால்களை இல்லை. விடிந்தால் கேட்டைத் திறந்து சாலையைப் பார்ப்பேன். மூடிவிட்டு உள்ளே வருவேன். தண்ணீர் குடிப்பேன். மறுபடி கேட்டுக்குப் போவேன். டிவியில் ஒரு நிகழ்ச்சியும் எனக்கு முடிந்ததில்லை, பாதியில் எழுந்துவிடுவேன்.

"ஏனுங்க, கேட்டுக் கீலு தேஞ்சு போயிருமுங்க. சித்த நேரம் உக்காரக் கூடாதுங்களா?" என்பாள் மனைவி.

"உக்காந்தா இடுப்பு வலிக்குது புள்ள."

"நடந்தா எனக்குத் தல வலிக்குது."

ஒரு நாள் கொல்லிமலை அடிவாரத்தில் டீ குடிக்க நின்றபோது அந்த வண்டிகளைப் பார்த்தேன். உயரமான பைக்குகள், இரண்டு பக்கமும் தகரப் பெட்டி, சக்கரமெல்லாம் செம்மண். தார்ச் சாலை முடிகிற இடத்தில் நிற்காமல், கல்லிலும் மண்ணிலும் போகிறவை. அட்வெஞ்சர் பைக் என்றார்கள் அதன் மேலிருந்த பிள்ளைகள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். இன்னும் முடிவு பண்ணவில்லை என்றார்கள். அந்தப் பதில் எனக்குப் பிடித்துவிட்டது. வாழ்நாள் முழுக்க நான் போன ஊருக்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. காரணம் இல்லாமல் போக ஒரு வண்டி வேண்டும்.

வீட்டில் சொன்னேன். மகன் யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டான்.

"எடுத்துக்குங்கப்பா, வேண்டாங்கல. ஆனா சாயற வண்டியைத் தனியா நிமித்தி வெக்க உங்களால முடியோணும். கொல்லிமல வளைவுல அது உங்க கால் மேல கெடந்தா தூக்கிவிட யாருங்க வருவாங்க? அத என் கண்ணுல காட்டுங்க. இல்லீனா பைக்குப் பேச்சே வேண்டாமுங்க."

அவன் சொன்னது நியாயம்தான். அந்த ஒரு சொல்லில் என் மீதி நாட்கள் மாட்டிக்கொண்டன. காட்ட முடியாவிட்டால், வாசல் கேட்டும் நானும்தான்.

முதலில் பழகிப் பார்க்கலாம் என்று மைத்துனனின் பைக்கைக் கேட்டு வாங்கி வந்தேன், அதே மாதிரி பக்கப் பெட்டிகள் வைத்தது. பெரியது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம், முதலாளி என்றால் வண்டி பெரிதாக இருக்க வேண்டும்; சின்ன வண்டியில் வந்தால் தொழிலில் அடி விழுந்துவிட்டது என்று பேசுவார்கள். ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பெருவிரல் நுனியும் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. எதிரே நின்ற மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன சிரிப்பு?"

"சிரிக்கலீங்க. கொடிக் கவுத்துல வேட்டி காயற மாதிரி இருக்குதுங்க."

நான் கீழே இறங்கி வண்டியைச் சுற்றி நடந்தேன். ஒன்று கவனித்தேன். நான் ஏறினாலும் இறங்கினாலும் பின்பக்கம் ஒரு விரற்கடைகூடத் தாழவில்லை. காலி லாரி எப்படி நிற்கும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும், தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு குழிக்கும் குதிக்கும். லோடு ஏறினால்தான் உட்காரும். என்னைப் பொறுத்தவரை அந்த பைக் காலி லாரி. அப்படியென்றால் லோடு ஏற்ற வேண்டியதுதானே.

பட்டறையில் தேய்ந்த பிட்டுகள் குவியலாகக் கிடந்தன. பாறையைத் துளைக்கிற இரும்புத் தலைகள், கைக்கு அடக்கமாக இருக்கும், தூக்கினால்தான் கனம் தெரியும். இரண்டு பக்கப் பெட்டியிலும் அவற்றை அடுக்கினேன். ஏறி உட்கார்ந்தேன். வண்டி மெல்ல இறங்கியது. இரண்டு பாதமும் முழுசாகத் தரையில்.

"பாத்தியா புள்ள," என்றேன்.

"பாத்தனுங்க. வண்டி உக்காந்துருச்சு. எந்திரிக்குமான்னுதான் தெரியல."

பண்ணைப் பாதையில் நேராகப் போனவரை ராஜா மாதிரி போனேன். தீவனக் கிடங்குக்குப் பக்கத்தில் திரும்பும்போது வேகம் குறைந்தது, வண்டி கொஞ்சம் சாய்ந்தது. கொஞ்சத்தைத்தான் நான் சாய்த்தேன், மீதியைப் பிட்டுகள் பார்த்துக்கொண்டன. நல்லவேளை, பக்கத்தில் கோழி எருக் குவியல், மெத்தென்று விழுந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. வண்டியை நிமிர்த்தத்தான் முடியவில்லை. பண்ணை ஆட்கள் வந்து, பெட்டியைத் திறந்து, பிட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்த பிறகுதான் அது எழுந்தது. மகன் பண்ணை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மனைவிதான் பேசினாள்.

"கோழியெல்லாம் அரண்டு கெடக்குதுங்க. நாளைக்கு முட்டை கொறஞ்சா உங்களத்தான் அடைகாக்க வெக்கோணும்."

அன்று மாலை முழுக்க என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடந்தேன். பிட்டு வைத்தது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். வைக்காவிட்டால் விஷயம் எனக்குப் பிடிபட்டிருக்காது. சீட்டின் உயரம் மட்டும் கணக்கு இல்லை. எண்பது கிலோ ஆளுக்கும் பின்னால் இன்னொருவருக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்து ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள். என் எடைக்கு அது அசையாது. எனக்கு வேண்டியது என்னைப் பார்த்ததும் உட்காருகிற வண்டி. கூடவே, விழுந்தால் என் கைக்கு எழுகிற வண்டி. பெருமைக்கு வண்டி தேடினால் இந்த இரண்டும் கிடைக்காது.

மகனிடம் இன்னொரு வாய்ப்புக் கேட்டேன். அவன் செல்போனில் எல்லா வண்டிகளின் சீட் உயரத்தையும் வரிசையாக எடுத்து வைத்தான்.

"உயரம் கம்மியா இருக்கறதுல இருந்து ஆரம்பிக்கலாமுங்கப்பா."

மூன்று பேரும் காரில் சேலத்துக்குக் கிளம்பினோம். முதல் கடையில், அவன் வரிசையில் மேலே இருந்த வண்டி, உயரம் குறைவுதான். பின்னால் தள்ளிப் பார்த்தேன், நகரவே இல்லை, யானையின் காலைப் பிடித்துத் தள்ளுவது போல. வேண்டாம் என்றேன். அடுத்த கடையில் மகன் "இது உங்களுக்கு ஒசரமுங்கப்பா" என்று கை நீட்டாமல் தாண்டிப்போன வண்டியின் மேல் ஏறினேன். சின்ன இன்ஜின், ஒடிசலான உடம்பு, என்னைப் போலவே. உட்கார்ந்ததும் பின்பக்கம் மூச்சு விட்டாற்போலத் தாழ்ந்தது. குதிகால் மட்டும்தான் எட்டவில்லை.

மனைவி குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்க காலு குட்டையில்லீங்க. சீட்டு அகலமுங்க. காலு வெளிய சுத்திப் போயித்தான் கீழ வருது. முன்னாடி ரெண்டு பக்கமும் ஒதுக்கித் தெச்சா நேரா எறங்குமுங்க."

அவள் சொன்னது சரி. அதை அவள் கணக்கில் இப்போதே எழுதிவிடுகிறேன்.

அடுத்து நான் கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன். "தம்பி, இந்த வண்டியப் படுக்கப் போடு."

"அய்யா?"

"கீழ சாய்ச்சுப் படுக்கப் போடு. நான் தூக்கிப் பாக்கோணும்."

ரிக் வாங்கும்போது மாஸ்டை ஏற்றி இறக்கிப் பார்க்காமல் நாங்கள் யாரும் பேச்சை முடிக்க மாட்டோம். நிற்கிற இயந்திரத்தைப் பார்த்து யார் வாங்குவார்கள்? கெட்டுப்போய்க் கிடக்கும்போது அது எப்படி என்றுதான் பார்க்க வேண்டும். அந்தத் தம்பிக்கு வியர்த்துவிட்டது.

"அய்யா, கீறல் விழுந்தா என்ற வேலை போயிருமுங்க. யாருமே இப்படிக் கேட்டதில்லீங்க."

"அப்ப யாருமே ஒழுங்கா வாங்கலன்னு அர்த்தம்."

மகன் என் காதருகில் வந்து, "அப்பா, மானம் போகுதுங்க, வாங்க போலாம்" என்றான். மனைவி காருக்குப் போய், டிக்கியில் கிடந்த தீவனச் சாக்குகளைத் தூக்கி வந்து வாசல் தரையில் விரித்தாள். "இப்பப் போடு சாமி, கீறாது" என்றாள். தம்பி உள்ளே போய் முதலாளியைக் கேட்டுவிட்டு வந்து, ஓட்டிப் பார்க்க வைத்திருந்த அதே ரக வண்டியைக் கொண்டுவந்து வலப்பக்கமாகச் சாக்கின் மேல் படுக்க வைத்தான். கடையில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள்.

சைடு ஸ்டாண்டை முதலில் வெளியே இழுத்துவிட்டேன். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தினேன். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை பின் கம்பியில். இடுப்பால் தூக்கினால் போச்சு. ராடு தூக்குகிறவனுக்கு முதல் நாளே சொல்லித் தருவது அது, காலால்தான் தூக்க வேண்டும். முதல் தடவை கொஞ்சம் எழுந்து மறுபடி படுத்தது. மகன் ஓர் அடி முன்னால் வந்தான். "கிட்ட வராத" என்றேன். பாதத்தைச் சாக்கிலிருந்து நகர்த்தி சிமெண்டுத் தரையில் ஊன்றினேன், சிறு சிறு அடியாகப் பின்னால் நடந்தேன். வண்டி என் முதுகோடு ஏறி வந்து நின்றது. ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுத் திரும்பி மகனைப் பார்த்தேன்.

"கண்ணுல காட்டச் சொன்ன. பாத்துட்டியா?"

"பாத்துட்டனுங்கப்பா," என்றான். அவன் முகம் சிறுபிள்ளை முகமாக இருந்தது.

அந்த வண்டியையே வாங்கி, சீட்டைச் சேலம் அம்மாபேட்டையில் ஒருவரிடம் கொடுத்து முன்பக்கம் ஒதுக்கித் தைத்தோம். ஸ்பிரிங்கை ஒற்றை ஆளுக்கு ஏற்பத் தளர்த்தச் சொன்னேன். கொல்லிமலை வளைவுகளில் ஏறி, மேலே மண் பாதையில் ஒரு தரம் சாய்ந்து, நானே நிமிர்த்தி, இறங்கி வந்தேன். அதற்குப் பிறகு வாரத்தில் பாதி நாள் நான் வீட்டில் இல்லை. கெங்கவல்லி, அதைத் தாண்டி, அதையும் தாண்டி.

இங்கேதான் விஷயம். நான் வண்டியில் நிற்கிற படத்தை மகன் செல்போனில் ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறான். "அப்பாவின் உடம்புக்கு ஏற்றபடி நான் ஆராய்ந்து தேர்ந்தெடுத்த வண்டி" என்று கீழே எழுதியிருக்கிறான். பாராட்டு குவிகிறது. குள்ளமான மகளுக்கு, மெலிந்த மருமகளுக்கு என்ன வண்டி எடுக்கலாம் என்று உறவுக்காரர்கள் அவனைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அவனும் உட்கார்ந்துகொண்டு, ஸ்பிரிங் தாழ வேண்டும், படுக்கப் போட்டுத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று விளக்குகிறான். என் சொற்கள், அவன் குரல்.

நான் கேட்டதற்கு, "நம்ம ஊட்டுக்குள்ள என்னங்கப்பா கணக்கு?" என்கிறான்.

கணக்கு உண்டு. ஐம்பது வருடமாக நான் போட்ட கிணறுகளில் தண்ணீர் வந்தால், தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்த்து இடம் காட்டியவருக்குத்தான் மாலை போட்டார்கள். வராவிட்டால் ரிக்காரனைத் திட்டினார்கள். வெளியாட்கள் செய்தார்கள், பொறுத்துக்கொண்டேன். என் வீட்டிலும் அதையே பொறுக்க முடியாது.

சீட்டு யோசனை என் மனைவியுடையது. சாக்கு விரித்ததும் அவள். நிபந்தனை போட்டதும் காரை ஓட்டியதும் மகன். யாருடைய பங்கையும் நான் மறைக்கவில்லை, இதோ எழுதிவிட்டேன். வண்டியைக் கண்டுபிடித்ததும், படுக்கப் போட்டு எழுப்பியதும், மெலிந்தவர்களுக்கு வண்டி எப்படிப் பார்ப்பது என்ற அந்த முறையும் என்னுடையவை. அந்தப் படத்துக்குக் கீழே இருப்பதை அழித்துவிட்டு, "அப்பா தேர்ந்தெடுத்தார்" என்று அவன் எழுத வேண்டும். நான் இப்போது கிளம்புகிறேன், எந்தப் பக்கம் என்று தெரியாது. திரும்பி வரும்போது அது மாறியிருக்க வேண்டும்.