காதரின் நாக்கும் தாடையும்

போன ஞாயிற்றுக்கிழமை காதர் மைதீனின் காரில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். காரை ஓட்டியது காதர்.

இதில் என்னய்யா செய்தி இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது. இரண்டு வருஷமாக அந்த மனுஷன் கையில் கார் சாவி கிடையாது. போலீஸ் பிடுங்கவில்லை, கோர்ட்டும் பிடுங்கவில்லை. மனைவி மும்தாஜ் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

காதரும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். இப்போது ஊருக்கு வெளியே பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருக்கிறார். எந்த ஊரில் யாருக்குக் கட்டுப் போட்டிருந்தாலும், "நம்ம துணியாத்தான் இருக்கும்லே" என்பார். அப்புறம் அவர் குறட்டை... மதியம் கண்ணயர்ந்தால் தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். நாங்கள் சிரிப்போம். படுத்ததும் தூங்குகிற பாக்கியவான் என்று பொறாமைகூடப் பட்டிருக்கிறேன்.

அது தூக்கமே இல்லை என்று யாருக்குத் தெரியும்?

ஒருநாள் பட்டப்பகலில், சேத்தூர் ரோட்டில், கார் தானாகத் தோப்புக்குள் இறங்கி ஒரு தென்னை மரத்தில் இடித்து நின்றது. ஸ்டியரிங்கில் காதர், பக்கத்தில் மும்தாஜ். நல்லவேளை, இருவருக்கும் காயமில்லை.

"செத்த கண்ணு அசந்துட்டு, அம்புட்டுத்தான்" என்றார் காதர்.

மும்தாஜ் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அதன்பின் வீட்டுக்கு டிரைவர் வந்தார். லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து ஸ்டியரிங்கை அடுத்தவரிடம் கொடுக்காத மனுஷனுக்குப் பின்சீட்டு முள்ளாகக் குத்தியது. குறட்டையை நிறுத்திக் காட்டிச் சாவியை மீட்பது என்று முடிவு செய்தார். டாக்டரிடம் போனாரா? அதுதான் இல்லை. வாய் திறப்பதால்தானே சத்தம்? வாயைக் கட்டிவிட்டால் போச்சு! அந்த வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பேண்டேஜ் துணிக்குப் பஞ்சம் வருமா?

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்தது, பிரியாணியும் முடிந்தது. சொந்தத் தயாரிப்பில் ஒரு ரோலை எடுத்து, நாடிக்குக் கீழே கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டு, வெள்ளைப் போர்வையையும் இழுத்துவிட்டுக்கொண்டு மல்லாந்து படுத்துவிட்டார்.

கடைவீதிக்குப் போயிருந்த மும்தாஜ் வந்து பார்க்கிறார். வீட்டில் சத்தமே இல்லை. பிணத்துக்குக் கட்டுவதுபோல் நாடியைக் கட்டி, மூச்சுப்பேச்சில்லாமல் கிடக்கிறார் புருஷன். மும்தாஜ் போட்ட கூப்பாட்டில் தெருவே திரண்டது. பக்கத்துத் தெருவிலிருந்து நானும் ஓடினேன். நான் போனபோது காதர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கட்டை அவிழ்க்காமலே.

"என்னலே, எதுக்கு எல்லாரும் வந்திருக்கீய?" என்று பல்லைக் கடித்தபடி கேட்டார். வாயைத்தான் திறக்க முடியாதே!

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். மும்தாஜ் சிரிக்கவில்லை.

"மய்யித்துக்குக் கட்டுன மாதிரி இருக்கேன்னு பயந்தேன்னு நெனைக்கீயளா அண்ணே? மூக்குல கைய வச்சுப் பாத்தேன். மூச்சு வரல. நெசமாவே வரல. பொறவு நான் போட்ட சத்தத்துலதான் திணறிக்கிட்டு எந்திரிச்சாவ. நித்தமும் இப்படித்தான் நிக்குது. நான்தான் பக்கத்துல உக்காந்து உசுப்பி உசுப்பி விடுதேன்."

எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

மதுரைக்குக் கூட்டிப்போய்த் தூக்கப் பரிசோதனை செய்தோம். ஸ்லீப் ஆப்னியா என்றார்கள். தூங்கும்போது தசைகள் தளர்ந்து, நாக்கும் தாடையும் பின்னால் சரிந்து, மூச்சுப்பாதையை அடைத்துவிடுகின்றன. மூளை பதறி எழுப்புகிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. ராத்திரி பூரா இதே வேலை என்றால் பகலில் கண் சொருகாமல் என்ன செய்யும்? முதலில், காற்றை அழுத்தித் தருகிற மாஸ்க் கொடுத்தார்கள். பலருக்கு அது வரம். காதருக்கோ மாட்டினாலே படபடப்பு... எத்தனையோ முறை முயன்றும் பழகவில்லை.

அடுத்தது சென்னையில் ஒரு சர்ஜன். நெஞ்சில் தோலுக்கு அடியில் சின்னதாக ஒரு கருவி வைத்தார். அதிலிருந்து நாக்கை அசைக்கும் நரம்புக்கு மெல்லிய ஒயர். மூச்சு இழுக்கும்போது கருவி நரம்பைத் தூண்டும். நாக்கு லேசாக முன்னால் நகர்ந்து வழிவிடும். படுக்கும்போது ரிமோட்டில் ஆன், எழுந்ததும் ஆஃப். ஒருநாள் ஆஃப் பண்ண மறந்து தறிக்கூட மேனேஜரிடம் பேசிக்கொண்டிருக்க, நாக்கு அதுபாட்டுக்கு வெளியே நீண்டதாம். தன்னைப் பழிப்புக் காட்டுகிறார் என்று அந்த மனிதர் முகம் வாடிப்போனார்.

ஆனால் குணம் பாதிதான். மூச்சு நிற்பது குறைந்ததே தவிர ஒழியவில்லை. சாவியும் பீரோவைவிட்டு வரவில்லை.

"நெஞ்சக் கிழிச்சும் ஆவலன்னா இனி என்னத்தலே செய்ய?" என்று காதர் கேட்டபோது எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

கடைசியில் காப்பாற்றியது ஒரு சொத்தைப் பல்! அதை அடைக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் பல் டாக்டர் ஜெசிந்தாவிடம் போனார். டிரில் ஓடும்போது நாமெல்லாம் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிடுவோம். காதர் குறட்டை விட்டார்.

ஜெசிந்தா மெஷினை நிறுத்தினார். எழுப்பி உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்டார். கீழ்த்தாடை உள்ளடங்கி இருப்பதைப் பார்த்தார்.

"நாக்க அந்த சென்னை சார் முன்னால தள்ளுதாங்க. தாடை பின்னால இழுக்குது. தாடைய நான் புடிச்சு வச்சுக்கிடுதேன்" என்றார்.

மேல்பல்லுக்கு ஒன்று, கீழ்ப்பல்லுக்கு ஒன்று என்று இரண்டு தட்டுகள். மாட்டிக்கொண்டு படுத்தால் கீழ்த்தாடையைச் சற்று முன்னால் பிடித்து நிறுத்தும். அளவெடுக்கும் முன்பே சென்னைக்கு ஃபோன் போட்டார்: "உங்க கருவியோட இதையும் சேத்துப் போட்டுப் பாக்கலாமா சார்?" பெரிய சர்ஜன்... கோபப்பட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? "தாராளமா போடுங்க டாக்டர், ரெண்டையும் சேர்த்தே டெஸ்ட் எடுத்துருவோம்" என்றாராம்.

நான் அசந்துபோனது இந்த இடத்தில்தான். நெஞ்சுக்கு ஒருத்தர், மூக்குக்கு ஒருத்தர், பல்லுக்கு ஒருத்தர் என்று நம் உடம்பைப் பாகப்பிரிவினை செய்துகொண்ட காலம் இது. என் எல்லை, உன் எல்லை என்று பார்க்காமல் இரண்டு டாக்டர்கள் ஒரு தொண்டைக்காகக் கைகோத்தார்கள் — கையெடுத்துக் கும்பிட வேண்டாமா?

முதலில் தாடை வலி, தலையணையெல்லாம் எச்சில். ஜெசிந்தா தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் சரிசெய்தார். சென்னையில் கருவியையும் அதற்கேற்ப மாற்றினார்கள். மறுபடி பரிசோதனை. இனி வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள். (எல்லாருக்கும் இதே வைத்தியம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் தொண்டைக்கு எது தோது என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.)

மும்தாஜ் ரிப்போர்ட்டை நம்பவில்லை. தானே ஒரு டெஸ்ட் வைத்தார். வெள்ளிக்கிழமை பிரியாணிக்குப் பிறகு, கருவியும் தட்டுமாகக் காதர் தூங்க, பக்கத்தில் உட்கார்ந்து மூக்கடியில் கையை வைத்துக்கொண்டார். பள்ளிவாசலில் சாயங்கால அசர் பாங்கு கேட்கும்வரை எடுக்கவில்லை. மூச்சு ஒரு தடவைகூட நிற்கவில்லை. எழுந்து போய் பீரோவைத் திறந்தார்.

போன ஞாயிறு, வத்திராயிருப்பில் மும்தாஜின் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போகிற வழியில் என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. மும்தாஜ் பின்சீட்டில், நான் முன்னால். உண்மையைச் சொன்னால் நான் ரோட்டையே பார்க்கவில்லை. காதரின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"என்னலே மொறைக்க? முழிச்சுத்தான் இருக்கேன்" என்றார்.

தேரடியில் இறங்கினேன். வழக்கம்போலக் கதவைப் படாரென்று சாத்தக் கையை ஓங்கியபோது, காதர் உதட்டில் விரல் வைத்துப் பின்னால் காட்டினார். மும்தாஜ் ஜன்னலில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தார்.

"மெதுவா சாத்துலே... எத்தன வருசங் கழிச்சுத் தூங்குதா!"

அவ்வளவு மெதுவாக நான் எந்தக் கதவையும் சாத்தியதில்லை.