காக்கா வராத மாடி

போன வாரம் ஒரு காக்காவுக்காக நாயாய் அலைந்தோம். சீரியஸாகத்தான் சொல்கிறேன். ஒரே ஒரு காக்கா. நொண்டியோ கிழடோ, எதுவாக இருந்தாலும் ஓகே... கிடைக்கவில்லை.

முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீடு வள்ளி ஆன்ட்டியுடையது. அவர் வீட்டுக்காரருக்கு முதல் வருஷத் திதி. மாடிச் சுவரில் இலை போட்டு சோறு, சாம்பார், உளுந்து வடை, பாயசம் எல்லாம் வைத்தாயிற்று. காக்கா வந்து வாய் வைத்தால்தான் ஆன்ட்டி சாப்பிடுவார். அவருக்கு சுகர் வேறு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. உச்சி வெயிலில் சுவரைப் பிடித்துக்கொண்டு "கா... கா..." என்று கத்துகிறார்.

வந்தது யார்? புறா. ஒரு பட்டாளமே வந்தது.

"ஏம்மா, புறா சாப்ட்டா ஆவாதா? அதுவும் பறவதான?" என்றார் மகன் கணேசண்ணன்.

"உங்கப்பன் இன்னா புறாவா?"

அண்ணன் போனை எடுத்து, காக்கா கத்தும் வீடியோ ஒன்றைத் தேடிப்பிடித்து ஃபுல் வால்யூமில் வைத்தார். புறாக்கள் ஒரு செகண்ட் தலையைத் தூக்கிப் பார்த்தன. பிறகு வடையைத் தேடி நகர்ந்தன. ஆன்ட்டி துண்டால் விரட்டினார்.

காக்கா ஏன் வரவில்லை? இதில் மர்மம் ஒன்றும் இல்லை. தெருவுக்கே தெரியும்.

அந்த வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. யாரும் நட்டதில்லை. ஏதோ ஒரு காக்கா எங்கேயோ வேப்பம்பழத்தைத் தின்றுவிட்டு வந்து காம்பவுண்ட் ஓரம் எச்சம் போட்டது. அதில் முளைத்த மரம். காக்கா போட்ட மரத்தில் காக்காவே கூடு கட்டியது. அந்தக் கூட்டில் குயில் திருட்டுத்தனமாக முட்டை வைத்தது. தெருவில் செத்த எலி கிடந்தால் நாம் மூக்கைப் பொத்துவதற்குள் காக்கா தூக்கிவிடும். யாருக்கும் சம்பளம் கிடையாது. மொத்தத் தெருவும் ஓசியில் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கிள் போன பிறகு கணேசண்ணன் கார் வாங்கினார். வெள்ளை. நிழல் சும்மா கிடைக்கிறதே என்று மரத்தடியில் நிறுத்தினார். மறுநாள் காலை பானெட் முழுக்க எச்சம்.

"புது வண்டிடா, நாசமாப் போவுது. அத வெட்டித் தொல" என்று சொன்னது யார் தெரியுமா? வள்ளி ஆன்ட்டியேதான்.

ஆக, எச்சத்தில் பிறந்த மரம் எச்சத்துக்காகவே செத்தது. கூட்டோடு விழுந்தது. கூட்டில் குஞ்சுகள் இருந்தன... அதை விடுங்கள்.

அதற்கப்புறம் காக்காக்கள் கணேசண்ணன் மண்டையை மட்டும் குறிவைத்துக் கொத்தின. அவை ஆளை மறப்பதில்லை. பால் பாக்கெட் வாங்க நடந்து போனாலும் அண்ணன் ஹெல்மெட்டோடு போனார். தெருவே சிரித்தது. பிறகு கொத்துவதும் நின்றது, காக்காக்களும் போய்விட்டன. கூடு கட்ட அவற்றுக்கு மரம் வேண்டும். புறாவுக்கு சன்ஷேடும் ஏசி பெட்டியும் போதும். நாம் கட்டிய வீட்டுக்கு ஏற்ற பறவை நமக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவுதான்.

"பெரிய மார்க்கெட்ல மீன் பக்கம் காக்கா நெறைய இருக்கும் ஆன்ட்டி. வண்டில ஏறுங்க" என்றேன். முன்பு ஒரு வாரம் இந்தப் பத்தியில் திட்டித் தீர்த்தேனே, என்னுடைய அதே ஓட்டை ஸ்கூட்டர்தான். அண்ணனின் கார் அந்த மார்க்கெட் சந்துக்குள் நுழையாது.

மார்க்கெட்டில் காக்காவுக்குப் பஞ்சமே இல்லை. ஆன்ட்டி ஒரு திட்டில், கட்டிக்கொண்டு வந்த சோற்று இலையை விரித்துவிட்டுத் தள்ளி நின்றார். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் மீன் வெட்டும் இடத்தில் குடலுக்கு அடித்துக்கொண்டிருந்தன.

"இன்னாக்கா, திதிச் சோறா?" என்று கேட்டார் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா. "இதுங்க அத சீந்தாது. தெனம் வஞ்சிரம் துன்ற ஜாதி."

"அவுருக்கும் வஞ்சிரம்னா உசுரு" என்றார் ஆன்ட்டி. இலையை அந்த அம்மா பக்கம் நகர்த்தினார். "ஒரு துண்டு இதுமேல வைம்மா."

"ஆன்ட்டி, திதிக்கு மீனா?"

"நீ கம்முனு இரு."

வைத்த உடனே ஒன்று வந்தது. மீனைக் கவ்வியது. சோற்றைத் தொடவே இல்லை. பறந்துவிட்டது.

வாய் வைத்தாயிற்று. ரூல்படி ஆன்ட்டி சாப்பிடலாம். வீட்டுக்கு வந்து தட்டில் சோறு போட்டுப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

"அப்பா வந்தாராம்மா?" என்று கேட்டார் அண்ணன்.

"மார்க்கெட்லதான் இருக்காரு. வூட்டுக்கு வர மாட்டாராம்."

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போனார். வெள்ளைக் கார் பானெட்டில் ஈரம் காயாத எச்சம். புறாவுடையது. துணியால் துடைத்துக்கொண்டே கோபமாக மேலே பார்த்தார்.

வெட்டத்தான் மரம் இல்லை.