இந்துப்பு உப்பில்லை என்று நினைத்தவள்

முதலில் நின்றது பேச்சு. கரமனையில் எங்கள் தெருவிலிருந்து பஸ் நிறுத்தம் வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருபவர் என் கணவர். ஒருநாள் பாதி வழியில் பேச்சை விட்டார். மறுவாரம் நடையையும் விட்டு, யார் வீட்டு மதிலையோ பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. வயசாகிறது என்றார். அறுபத்திரண்டெல்லாம் ஒரு வயதா என்று கேலி செய்தேன்.

மட்டமாகப் படுக்க முடியாமல் மூன்று தலையணையில் சாய்ந்து தூங்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈ.சி.ஜி., எக்கோ (இதயத்தை ஒலியலைகளால் படமெடுப்பது) எல்லாம் எடுத்தார்கள். டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். இரண்டு கோளாறுகள். ஒன்று ஹார்ட் ஃபெயிலியர் (இதயம் நின்றுவிடுவதல்ல; உடம்புக்கு வேண்டிய ரத்தத்தைத் தள்ள முடியாமல் களைத்துப்போவது). மற்றது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருப்பது). எது முதலில் வந்தது என்று கேட்டேன். சொல்ல முடியாது, ஒன்று மற்றதை மோசமாக்கும், இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, துடிப்பை நிதானப்படுத்த ஒன்று, தேங்கிய நீரை வெளியேற்ற ஒன்று, இதயத்தின் பாரத்தைக் குறைக்க வேறு இரண்டு. தண்ணீருக்கு அளவு. உப்பைக் குறைக்க வேண்டும். தினமும் காலையில் எடை பார்த்து எழுத வேண்டும்.

நான் தபால் ஆபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். எனக்குச் சட்டம் என்றால் சட்டம். குறையுங்கள் என்றார்கள், அடியோடு நிறுத்தினேன். உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றினேன். ஊறுகாய், அப்பளம் எல்லாம் போயிற்று. எங்கள் வீடுகளில் விரத நாளில் உப்புச் சேர்ப்பதில்லை, இந்துப்புதான். விரதத்தைக் கெடுக்காதது உடம்பையும் கெடுக்காது என்று தோன்றியது. தோன்றியதுகூட இல்லை, யோசிக்கவேயில்லை. தினமும் இந்துப்புப் போட்டுச் சமைத்தேன். நாக்கில் கொஞ்சம் மந்தமாக இருக்குமே என்று தாராளமாகவே போட்டேன்.

எடை ஏறியது, இரண்டு வாரத்தில் மூன்று கிலோ. உடம்பு தேறுகிறது என்று நகரின் மறுகோடியில், கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் மகள் வித்யாவுக்குச் சந்தோஷமாகப் போன் செய்தேன். எடை கூடினால் உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தார்களோ என்னவோ, எழுதச் சொன்னது மட்டும்தான் என் காதில் விழுந்தது. அத்தனையும் நீர்.

ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். எனக்கு அழுகை வரவில்லை. வித்யா காபி கொடுத்தாள், குடித்தேன். காட்டிய இடத்தில் உட்கார்ந்தேன். என் கைகால்கள் வேறு யாருடையதோ போலிருந்தன.

டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். உப்பு துளிகூட இல்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அப்படியானால் ருசிக்கு என்ன சேர்க்கிறீர்கள் என்றார். சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"அம்மே, அதும் உப்பு தன்னெயா."

அதுவும் உப்புதான் என்றார்; குரலில் கோபமில்லை. பாறையிலிருந்து வந்தாலும் உள்ளே இருப்பது அதே சோடியம், நீரைப் பிடித்து வைப்பதும் அதுதான் என்று விளக்கினார். சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும், இந்த மாத்திரைகளோடு அது ஆபத்தாகலாம், கேட்காமல் வாங்காதீர்கள் என்றார். இதைப் படிக்கும் நீங்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வையுங்கள்.

நீர் இறங்க ஒன்பது நாள் ஆயிற்று. துடிப்பு மட்டும் மருந்துக்கு அடங்கவில்லை. அப்லேஷன் (தொடை ரத்தக் குழாய் வழியே இதயத்துக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, துடிப்பைக் கெடுக்கும் இடங்களைச் சுடுவது) செய்யலாம் என்றார்கள். எல்லோருக்கும் தேவைப்படாது, எல்லோருக்கும் பலிக்கும் என்றும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

அதுவரை அவரிடம் இந்துப்பைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. முப்பத்தைந்து வருடமாக நான் போட்டதைக் கேள்வி கேட்காமல் சாப்பிட்டவர். தெரிந்தால் இனி என் கையால் எப்படிச் சாப்பிடுவார்? அந்தப் பயம்கூட அடுத்த வீட்டு விஷயம் போலத்தான் மனதில் வந்துபோனது.

அப்லேஷன் முடிந்ததும் காலை அசைக்காமல் படுத்திருக்கச் சொன்னார்கள். தலையணையே இல்லாமல் படுத்திருந்தார். மூச்சு சாதாரணமாக வந்தது. அப்போது சொன்னேன்.

"ஏன்னா, நான்தான் இப்படிப் பண்ணிட்டேன். தெனமும் இந்துப்பு போட்டுண்டிருந்தேன். அது உப்பில்லைன்னு நெனச்சுட்டேன்."

அவர் என் கையை இழுத்து மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தார். நாடி பார்க்க அவருக்கு நர்ஸ் அந்த வாரம்தான் கற்றுக்கொடுத்திருந்தார். முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினார். அறுபது நொடி அத்தனை நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"நூத்திப் பதினாறு," என்றார். "மொதல்ல இது எறங்கட்டும், கேட்டியா. ஆத்துக்குப் போய் ரெண்டு உப்பும் இல்லாம சமை. நான் சாப்பிடறேன்."

எதுவும் உறைக்கவில்லை என்று நான் நினைத்திருந்த அத்தனை நாளும் உள்ளே என் நாடி இப்படித்தான் ஓடியிருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

இப்போது காலையில் அவர் எடையை நான் எழுதிய பிறகு, அவர் என் கையைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணுகிறார். அந்த நிமிடத்துக்குப் பிறகுதான் எனக்கு நாள் தொடங்குகிறது. மறுநாளைப் பற்றி நான் யோசிப்பதில்லை.