சாம்பல் பூத்த அவரைப் பந்தல்

ஜோதியம்மாள் என்ற பெயரை நான் முதலில் கேட்டதே ஒரு புகாரில்தான். எழுபத்து நாலாம் வருஷம் என்று ஞாபகம். அடி அண்ணாமலையில் கட்டிக்கொடுத்த என் நாத்தனார் திரௌபதி, கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆரம்பித்தாள்.

"பாத்திரம் தேய்க்க ஒரு பிடி சாம்பல் இல்ல அண்ணி. எங்க கொழுந்தன் கட்டிக்கிட்டு வந்திருக்காரே ஜோதியம்மா, அவ அடுப்பு ஆறுறதுக்குள்ள வாரிக்கிட்டுத் தோட்டத்துக்கு ஓடிடறா."

கொழுந்தன் என்றால் கண்ணாயிரம், திரௌபதியின் வீட்டுக்காரருக்குத் தம்பி. எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

பிறகு போக வர நானே பார்த்தேன். ஜோதியம்மாளுக்கு உட்காரத் தெரியாது. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே வேலியைப் பார்த்துத் தின்பாள். வீட்டுக்கும் மலை சுற்றும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் இருந்தது. கோடையில் அதில் குழி வெட்டிச் சாணமும் புங்கந்தழையும் போட்டு மூடுவாள். ஆடியில் அவரை ஊன்றுவாள். ஐப்பசி மழையில் வேரில் தண்ணீர் நிற்கிறதென்று கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு ஓடுவாள். கார்த்திகைப் பனி இறங்கினால் கொடி நுனியில் அசுவினிப் பூச்சி எள்ளைக் கொட்டினாற்போல அப்பிக்கொள்ளும். விடிந்தும் விடியாமல், இலை ஈரமாக இருக்கும்போதே சலித்த சாம்பலைத் தூவுவாள். ஈரத்தில்தான் சாம்பல் ஒட்டும்.

"கடையில பூச்சி பவுடர் விக்குது. ஒரு தூவு தூவினா தீர்ந்துது" என்பான் கண்ணாயிரம்.

"தெருப் புள்ளைங்க பிஞ்சைப் பறிச்சு அப்படியே வாயில போடுதுங்க. உங்க பவுடரை நீங்களே மூஞ்சிக்குப் போட்டுக்குங்க."

இரண்டு வருஷம் காய் கம்மி. மலை சுற்ற வரும் ஜனமோ ஜாஸ்தியாகிக்கொண்டே இருந்தது. கண்ணாயிரம் ஒரு நாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "தை வரைக்கும் பார்ப்பேன். கூடை நிறைய காய் வரலன்னா பந்தலைப் பிரிச்சுட்டு டீக்கடை போட்டுடுவேன்."

அன்றிலிருந்து அவள் தூக்கமும் போயிற்று. இலை அசைந்தாலும் எழுந்து போய்ப் பார்த்தாள்.

அந்த வருஷம் தீபத்துக்கு நானும் போயிருந்தேன். காலையில் சாம்பல் தூவி முடித்திருந்தாள். பந்தல் முழுக்க வெள்ளை. வெயில் ஏறியதும் ரோட்டில் கூட்டம் வந்தது. வேலி ஓரம் ஒரு அம்மாள் நின்றாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. இலை பூரா விபூதி."

ஒரு இலையைக் கிள்ளிக் கண்ணில் ஒற்றி, நெற்றியில் பூசிக்கொண்டாள். உடனே பத்துக் கை நீண்டது. இலையோடு பூவும் வந்தது, பிஞ்சும் வந்தது.

ஜோதியம்மாள் ஓடினாள். "அது அடுப்புச் சாம்பல்ங்க. அசுவினிக்குப் போட்டேன். கொடியை விடுங்க."

"உன் கையாலயே போட வெச்சிருக்கான் பாரு. உனக்குத்தான் தெரியல" என்றபடியே ஒரு பெரியவர் இன்னொரு கொத்தை ஒடித்தார்.

சத்தம் கேட்டு வந்த கண்ணாயிரம் ஒரு நிமிஷம் பார்த்தான். உள்ளே போய்க் கற்பூரத் தட்டோடு வந்தான். பெண்டாட்டி காதோரம், "வாயை மூடு. இனிமே பந்தலைப் பிரிக்கவே மாட்டேன், போதுமா?" என்றான். பக்கத்தில் நின்ற எனக்கும் அது கேட்டது.

அவள் ஆடாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பந்தல் நிற்கும். அதற்குள் யாரோ இழுத்த இழுப்பில் ஒரு கொடி படபடவென்று அறுந்து வந்தது. விர்ரென்று உள்ளே போனாள். சாம்பல் தொட்டியை இழுத்து வந்து ரோட்டோரம் கவிழ்த்தாள்.

"மொத்தமும் இங்க இருக்குது. எடுத்துக்குங்க."

கரித்துண்டு, எரியாத வறட்டி, நடுவில் கத்திரிச் செடிக்கு இடித்துப் போட வைத்திருந்த முட்டை ஓடு. பெரியவர் தோள் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"தீபத்தன்னிக்கு முட்டையா?"

"இல்லீங்க, போன வாரத்துது."

கூட்டம் கலைந்தது. கண்ணாயிரம் தட்டை வேட்டியில் மறைத்துக்கொண்டு உள்ளே போனான். பொங்கல் வரை அவளோடு பேச்சில்லை.

மிஞ்சின கொடியில் பாதிக் கூடைகூடத் தேறவில்லை. தையில் பந்தல் போயிற்று. முளைக் கயிற்றை அவிழ்த்ததும் அவள்தான். வேறு யாரையும் தொடவிடவில்லை. முற்றின நெற்றுகளை மட்டும் மடியில் கட்டிக்கொண்டாள். அடுத்த ஆடியில் டீக்கடைக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில் ஊன்றினாள். கடை அடுப்பு நாள் பூரா எரிந்ததால் சாம்பலுக்குக் குறைவில்லை. திரௌபதிக்கும் பாத்திரம் தேய்க்கக் கிடைத்தது.

கண்ணாயிரம் காலமான பிறகு கடையை வேறு ஆள் எடுத்துக்கொண்டான். ஜோதியம்மாள் இப்போது வேங்கிக்காலில் மகள் சரசு வீட்டில் இருக்கிறாள்.