மீன் குடுவையில் புதுத் தண்ணீர்

எங்கள் வீட்டில் மீன் இருந்தது என்று சொன்னால் இன்றைக்கும் சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். கிழக்கேகோட்டைக்குப் பின்னால் உள்ள அக்ரஹாரத் தெருவில், வெங்காயம்கூட நாள் பார்த்து நறுக்குகிற வீட்டில், மீன். சமைக்க இல்லை, வளர்க்க. என் கணவர் ஓய்வு பெற்ற கையோடு ஒரு கண்ணாடிக் குடுவையில் அதைக் கொண்டுவந்தார். நீலமும் சிவப்புமாக, என் விரல் நீளம்கூட இல்லாத ஃபைட்டர் மீன். இன்னொரு ஆண் மீனைப் பக்கத்தில் விட்டால் சண்டை போட்டே செத்துவிடுமாம். எதிர்வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "என்ன மாமா, நாளைக்குக் குழம்போ?" என்று கேட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என்னோடு நாள் முழுக்க நாலு வார்த்தை பேசாத மனிதர், அதனோடு பேப்பரில் வந்த செய்தி வரைக்கும் பேசுவார். நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்றும், என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவனுக்கு இரை போட்டாச்சோ?" அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

நாற்பது வருஷமாக அந்த மனிதருக்கு வேளை தவறாமல் சோறு போட்டவள் நான். "நீ சாப்பிட்டியா" என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கிடையாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அவர் இல்லாத வீட்டுக்குத் திரும்பி வந்ததும் நான் செய்த முதல் காரியம், அழுதுகொண்டே அந்த மீனுக்கு இரை போட்டதுதான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அது உயிரோடு இருக்கிற வரைக்கும் அவர் கேட்ட கேள்விக்கு தினமும் பதில் சொல்லலாம் என்று தோன்றியது. அதை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று மனசுக்குள் வைராக்கியம் வந்துவிட்டது.

காரியங்களுக்குக் கூடமாட ஒத்தாசைக்கு அவருடைய தங்கை, என் நாத்தனார், திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். அண்ணாவுக்கு எதிலும் குறை வரக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். தீட்டுக் கழிகிற அன்று வீட்டையே கழுவிவிட்டாள். சாவு வீட்டில் பிடித்து வைத்த தண்ணீரை அன்றைக்குக் கொட்டிவிட வேண்டும் என்பது வழக்கம். குடம், அண்டா, ஃபில்டர், குளியலறை வாளி என்று ஒன்றையும் அவள் விடவில்லை. மீன் குடுவையையும் பளபளவென்று தேய்த்துக் கழுவி, குழாயிலிருந்து புதுத் தண்ணீர் பிடித்து, மீனைத் திரும்ப விட்டிருந்தாள். வாத்தியார், வந்தவர் போனவர் என்று இருந்த அமளியில் நான் அதைப் பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை இரை போடப் போனால், மேலே துள்ளிக்கொண்டு வருகிற மீன் வரவில்லை. பட்டுப் பாவாடை மாதிரி விரித்துக்கொண்டு திரியும் துடுப்பெல்லாம் உடம்போடு ஒட்டிக் கிடந்தன. நிறம் வெளுத்து, அடியில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. நடுநடுவே தத்தளித்து மேலே வந்து, வாயைப் பிளந்து காற்று வாங்கிவிட்டுக் கீழே போய் விழுந்தது.

"அண்ணாவைத் தேடறது மன்னி. ஏங்கிப் போயிடுத்து, கேட்டேளா" என்றாள் நாத்தனார், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

நானும் அப்படியே நம்பினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதில் எனக்கு ஓர் ஆறுதல்கூட இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் முற்றத்தில் உட்கார்ந்து பஸ் நேரத்தைப் பற்றிப் பேசினார்கள். அவருக்காக இரை இறங்காமல் கிடக்க என்னைத் தவிர இந்தப் பொடி ஜீவனாவது இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் அது இன்னொரு தரம் மேலே வரும்போது பாதி வழியிலேயே புரண்டது. ஐயோ, இதுவும் போய்விடும் என்று தோன்றிவிட்டது.

புருஷன் போன பதினைந்து நாளுக்குள் பெண்டாட்டி வாசல்படி தாண்டக்கூடாது என்பார்கள். நான் மீனை செல்ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். எதிர்வீட்டு மாமி வாயைத் திறந்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

சாலைக் கடைத்தெரு ஓரத்தில் ஒரு மீன்தொட்டிக் கடை உண்டு. நாகர்கோவில்காரர். வீடியோவைப் பார்த்துவிட்டு, "தண்ணி எப்பம் மாத்தினிய?" என்றார்.

"மாத்தலை. எங்காத்துக்காரர் தவறிப் போயிட்டார். அதுலேர்ந்து ஏங்கறது."

"யம்மா, மீனு அப்பிடி ஏங்காது. துடுப்பு ஒட்டிக் கெடக்கு, மேல வந்து மூச்சு முட்டுது. இது தண்ணியில வந்த கேடாக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாத்தனார் குடுவையைக் கழுவியதைச் சொன்னேன்.

"முழுசுமா மாத்தினாவ? பைப்பு தண்ணியா?" அவர் உச்சுக் கொட்டினார். "பைப்பு தண்ணியில குளோரின் கெடக்கும்லா. இதுக்க செவுளு வெந்து போயிருக்கும்."

ஆண்டி-குளோரின் சொட்டு மருந்தும், பாலித்தீன் பையில் அவருடைய பழைய தொட்டித் தண்ணீரும், காய்ந்த பாதாம் இலை ஒன்றும் கொடுத்தார். பாயசத்தில் போடுகிற பாதாம் இல்லை, ரோட்டோரத்தில் குடை மாதிரி நிற்குமே, அந்த மரத்து இலை. "கல்லுப்பு ஒரு துளி போடுங்க. தண்ணிய கொஞ்சங் கொஞ்சமா சேக்கணும். பொழைக்கும்னு நான் சொல்ல மாட்டேன் பாத்துக்கிடுங்க."

வீடு வரும்வரைக்கும் வாய்க்குள் ஒரே வாக்கியத்தைத் தீட்டிக்கொண்டே வந்தேன். "உன் மடியும் ஆசாரமும் கொள்ளையிலே போக, உன் அண்ணா விட்டுப்போன ஒண்ணையும் கொன்னுட்டியே" என்று கேட்டுவிட வேண்டும். கேட்காமல் விடுகிற ஆள் இல்லை நான், தெருவே சொல்லும். உள்ளே நுழைந்தால், அவள் குடுவை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் விபூதி பூசியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு மீனுக்கு விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

"கடைக்காரன் என்ன சொன்னான் மன்னி?"

"மருந்து குடுத்திருக்கான். நகரு."

இரண்டு பேருமாகச் செய்தோம். பழைய தண்ணீரைக் கரண்டி கரண்டியாக அவள் ஊற்ற, நான் சொட்டு மருந்தை எண்ணினேன். இலை ஊற ஊறத் தண்ணீர் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்தது. வெளிச்சம் படாமல் அவருடைய அங்கவஸ்திரத்தைச் சுற்றிவைத்தோம். சாயங்காலம் ஒரு தரம் துடுப்பை மெல்ல விரித்தது. "பாருங்கோ மன்னி, பாருங்கோ!" என்று அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் சாப்பிட்டோம்.

காலையில் அங்கவஸ்திரத்தை விலக்கினேன். தலைகீழாக மிதந்துகொண்டிருந்தது.

கொல்லையில் நந்தியாவட்டைச் செடிக்கடியில் மண்ணைத் தோண்டிப் புதைத்தேன். நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு கேட்டாள்:

"நான் ஜலம் மாத்தினதாலயா மன்னி? நேக்கு நேத்திக்கே சந்தேகம். மறைக்காம சொல்லிடுங்கோ."

தீட்டி வைத்த வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அழுது அழுது அவளுக்குக் கண் இடுங்கிப் போயிருந்தது.

"அசடு, அதுக்கு வயசாயிடுத்துடீ. இந்த ஜாதி மீன் அவ்வளவு நாள்தான் இருக்குமாம், கடைக்காரனே சொன்னான். நீ தொடாம இருந்திருந்தாலும் போயிருக்கும்." அவள் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். என் குரல் நடுங்கவே இல்லை.

அவளுக்குப் பெரிதாக ஒரு மூச்சு வந்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கினாள்.

"ஆமா மன்னி. வேளை வந்துடுத்துன்னா யார் என்ன பண்றது, சொல்லுங்கோ? அண்ணாவைப் பார்த்த டாக்டரும் உங்ககிட்ட அதேதானே சொன்னார். ஒரு மணி முன்னாடி கொண்டுவந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு."

சொன்னார். அன்று காலை வலி ஆரம்பித்தபோது என் கணவர் வாயு என்றார். நானும் வாயு என்று நம்பி, வெந்நீரில் சுக்கைத் தட்டிச் சுக்குவெள்ளம் போட்டுக் கொடுத்து உட்காரவைத்திருந்தேன். அதனால்தான் ஐ.சி.யூ. வாசலில் அந்த டாக்டரை நிறுத்திக் கேட்டேன். சின்ன வயசுப் பிள்ளை, நல்ல பிள்ளை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு பதில் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை ராத்திரியும் தூங்கினேன்.

நாத்தனார் காப்பி கலக்க உள்ளே போய்விட்டாள். நான் மண் கையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த டாக்டருடைய குரலும் நடுங்கவில்லை. இனி நான் யாரிடம் போய்க் கேட்பேன்?