இன்னொருக்கா கேட்கச் சொன்ன கேள்வி

சில வருடங்களுக்கு முன், திருவாடானைப் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்தது இது. பதினெட்டு வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு மனநலப் பாதிப்பு இருக்கிறது என்று நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் நான் களப்பணியாளர். குலுக்கலில் வந்த வீடுகளுக்கு டேப்லெட்டோடு போய், ஆளைத் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்க வேண்டும்.

அன்றைக்கு அது கடைசி வீடு. மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த, நாற்பது வயது மதிக்கத்தக்க அக்கா. சிரித்த முகம். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். எனக்கோ நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். எதைக் கேட்டாலும் "இல்ல" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். செத்துப்போகலாம் என்று தோன்றியதுண்டா என்ற கேள்வியை உள்ளபடி படிக்காமல், "சாகணும்னெல்லாம் தோணுனதில்லையேக்கா?" என்று கேட்டுவிட்டேன். அதற்கும் "இல்ல" என்றார். நன்றி சொல்லிக் கிளம்பினேன்.

ரோட்டை எட்டுவதற்குள் பின்னாலேயே வந்தார்.

"தாயி, அந்தச் சாகுற கேள்விய இன்னொருக்கா கேக்குறியா?"

திரும்பிப் போய் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் படித்தேன். படித்துவிட்டு டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"தெனமும் தோணுது. ஒறக்கமே இல்ல. வீட்ல ஒரு கொறையும் கெடையாது, நான் என்னன்னு போய்ச் சொல்ல? கொழுப்புன்னுதான சொல்லுவாக."

பஸ் போய்விட்டது. மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன், வண்டியில் வந்துவிட்டார். அக்கா சம்மதித்த பிறகு, வயலிலிருந்து வந்த அவர் வீட்டுக்காரரிடம் சொன்னோம். சத்தம் போடுவாரோ என்று பயந்தேன். அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல புள்ள" என்றார்.

அக்காவை ஒரு நிமிடமும் தனியே விடாமல் பார்த்துக்கொண்டார். மறுநாள் காலை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவர்களோடு நானும் போனேன்.

நான் கேள்வியை மாற்றிக் கேட்டதை மேற்பார்வையாளரிடம் ஒப்புக்கொண்டேன். அந்த வாரம் போன வீடுகளுக்கெல்லாம் மறுபடி போகச் சொன்னார். போனேன். வெயிலும் அலைச்சலும் எனக்கு வேண்டியதுதான்.

மாத்திரை, ஆலோசனை என்று அக்கா மெல்ல மெல்லத் தேறினார். ஆறேழு மாதம் கழித்து அவரே போன் செய்து, "இப்ப நல்லா ஒறங்குறேன் தாயி" என்றார்.

இப்போதும் ஏதாவது அறிக்கையில் இத்தனை சதவீதம் என்று பார்த்தால், என்னைப்போல் யாரோ அவசரமாகக் கேட்டதால் 'இல்லை' என்று சொல்லிவிட்டவர்கள் எத்தனை பேரோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.