தவசி அளந்த பாட்டில்

தவசியின் கையால் எங்கள் வார்டில் ஒருவரும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. கீழக்குயில்குடிக்காரர். இருபது வருஷமாக நோயாளிகளின் மூத்திரத்தை அளந்து, எழுதி, கொட்டுவதுதான் வேலை. வெள்ளைத் தொப்பி வைத்த நர்சுகள் நாங்களும் அவரைக் கண்டால் ஒதுங்கிப் போனவர்கள்தான். த்தூ, இப்போதும் குமட்டுகிறது, அவரை நினைத்து இல்லை, எங்களை நினைத்து.

எண்பத்து மூன்றாம் வருஷம் அன்னக்கொடி வந்தாள். வயிற்றில் தேங்காய்ப் பருமனில் கட்டி. அது மூத்திரக் குழாய்களை நெரித்து, சிறுநீரகங்கள் சோர்ந்து கிடந்தன. உள்ளே மெல்லிய குழாய் வைத்தார்கள், சலைன் ஏற்றினார்கள்.

"கிட்னி தேறாம கத்தி வைக்க மாட்டேன். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போகணும்" என்றார் டாக்டர்.

அவள் புருஷன் வீரணனுக்குப் பொறுக்கவில்லை. ஆடி பிறக்க மூன்றே நாள். ஆடியில் உடம்பில் கத்தி படக்கூடாதாம். அளவோ அறுநூறு மில்லியைத் தாண்டவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் ஆயிரத்து அறுநூறு! நான்கூட சந்தோஷப்பட்டேன், மடச்சி.

தவசி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்தார்.

"சிஸ்டர், இதுல பானைத் தண்ணி கலந்திருக்கு."

"மூத்திரம் அள்ளுற பய, என்னயச் சொல்ல வந்துட்டியா?" என்று வீரணன் எகிறினான்.

"தண்ணிய பாட்டில்ல ஊத்தலய்யா. ஒம் பொண்டாட்டி உசுருல ஊத்திருக்க."

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். யூரியா ஏறியிருந்தது, கிட்னி தேறவே இல்லை. உள்ளே குழாய் அடைத்துக் கிடந்தது. அந்த ஆயிரத்து அறுநூறை நம்பி ஆபரேஷன் மேஜையில் ஏற்றியிருந்தால் பிணமாகத்தான் இறக்கியிருப்போம். குழாயை மாற்றினார்கள். ஆடி பதினைந்தில் ஆபரேஷன் நடந்தது, அவள் பிழைத்தாள்.

வீட்டுக்குப் போகிற அன்று வீரணன் ஜிலேபி வாங்கி வந்தான். எங்களுக்கெல்லாம் கையில் கொடுத்தான். தவசிக்கு மட்டும் ஒரு துண்டைக் காகிதத்தில் கிள்ளி வைத்து, ஜன்னல் கட்டையில் தள்ளிவிட்டான்.

"ச்சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று நான் கத்திவிட்டேன்.

"விடுங்க சிஸ்டர்" என்றார் தவசி, கழுவிய பாட்டிலைக் கவிழ்த்தபடி. "இன்னைக்கி ஆயிரத்து எழுநூறு. சுத்தமா அவ மூத்திரம்."